முதலில் வரும் தளமா, உரிய தளமா?

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். வீட்டுமனை ஒன்று பார்த்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கம் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். நல்ல முடிவுதான். ஆனால், பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம் உறுத்தியது.

"வில்லங்கம் பார்க்க 650 ரூபாய் கட்டிட்டேன்ப்பா. ரெண்டு நாள்ல மெயில்ல அனுப்புறாங்களாம்."

"எந்த சைட்டுல கட்டினீங்க சித்தப்பா?"

"போன்ல தேடினேன், முதல்ல வந்துச்சு. தமிழ்ல எல்லாம் தெளிவா போட்டிருந்தாங்க. மேல கோபுரம் படம்கூட இருந்துச்சு. கவர்மென்ட் சைட்டுதானே?"

இல்லை. அது ஒரு தனியார் தளம். நமது பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்ப்பதற்குக் கட்டணமே கிடையாது. அத்தாட்சி செய்யப்பட்ட நகல் வேண்டும் என்றால்தான் பணம் கட்ட வேண்டும். சித்தப்பா கட்டிய 650 ரூபாய்க்கு, இலவசமாகப் பார்க்கக்கூடிய அதே விவரம்தான் மெயிலில் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஆதார் நகலையும் செல்போன் எண்ணையும் அங்கே கொடுத்திருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஓயாமல் அழைப்புகள்.

விஷயத்தைச் சொன்னதும் சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "உண்மையான சைட்டு இருக்கும்போது, இது ஏன்ப்பா முதல்ல வருது?"

நியாயமான கேள்வி. ஒரே சேவைக்கு இரண்டு தளங்கள் இருக்கும்போது, ஒன்றுக்குக் கூட்டம் குவிகிறது. இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இது எப்படி நடக்கிறது? இதைப் புரிந்துகொண்டால், பணத்தையும் தகவலையும் எங்கே கொடுக்கலாம், எங்கே கொடுக்கக் கூடாது என்பதும் புரிந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தேடுபொறி உண்மையில் என்ன செய்கிறது?

கூகுளில் ஒரு சொல்லைத் தட்டியதும், அந்த நொடியில் அது உலகம் முழுக்க ஓடிப்போய்த் தேடுகிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. தேடுகிற வேலையின் பெரும்பகுதி முன்பே முடிந்திருக்கும்.

தடிமனான புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் போட்டிருப்பார்கள். தேடுபொறியும் இணையத்துக்கு அப்படி ஒரு சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது. அதன் வேலை மூன்று படிகளில் நடக்கிறது.

முதல் படி, சேகரிப்பு. ஒரு கணினி நிரல் இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து அதில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய்ப் படித்துக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது படி, அடைவு. படித்த பக்கத்தில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன, எதைப் பற்றிய பக்கம் அது என்று குறித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது படி, வரிசை. நீங்கள் ஒரு கேள்வி கேட்டதும், அதற்குப் பொருந்தும் பக்கங்களை எடுத்து, எது முதலில், எது பத்தாவது என்று அடுக்கித் தரும்.

போட்டி எல்லாம் இந்த மூன்றாவது படியில்தான். தளங்களின் வாழ்வும் தாழ்வும் இங்கேதான் முடிவாகிறது. ஏனென்றால், நாம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று முடிவுகளோடு நின்றுவிடுகிறோம். இரண்டாம் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சரி, அந்த முதல் இடம் எப்படிக் கிடைக்கிறது? முக்கியமான ஐந்து காரணங்களைப் பார்ப்போம்.

காரணம் 1: நீங்கள் பேசும் சொல்லில் எழுதியிருப்பது

நாம் தேடும்போது எப்படித் தேடுகிறோம்? "இசி பார்ப்பது எப்படி", "பட்டா பெயர் மாத்தணும்", "ரேஷன் கார்டுல குழந்தை பேர் சேர்க்க" என்றுதான் தட்டுகிறோம். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து கூகுளில் தமிழில் பேசியும் தேட முடிகிறது. பேசும்போது இன்னும் வீட்டுப் பேச்சாகவே கேட்கிறோம்.

அரசுத் தளங்களில் எப்படி எழுதியிருக்கும்? "வில்லங்கச் சான்று விவரம்", "நில உரிமை விவரங்கள்", "குடும்ப உறுப்பினர் சேர்க்கை" என்று துறையின் அலுவல் சொல்லில் இருக்கும். சட்டப்படி அது சரியான சொல்தான். ஆனால், நீங்கள் தட்டிய சொல் அந்தப் பக்கத்தில் இல்லை. தனியார் தளத்துக்காரர் என்ன செய்கிறார்? மக்கள் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள் என்று முதலில் பார்க்கிறார். அதே கேள்வியைத் தலைப்பாகப் போடுகிறார். கீழே பதிலை வரிசையாக எழுதுகிறார்.

இப்போதைய தேடுபொறிகள் ஒரே பொருளுள்ள வேறு சொற்களையும் ஓரளவு புரிந்துகொள்கின்றன. இருந்தாலும், கேள்வியை அப்படியே தலைப்பில் வைத்திருக்கும் பக்கத்துக்கு இன்றும் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

காரணம் 2: மற்றவர்கள் கைகாட்டுவது

1990-களில் இணையம் வளர்ந்தபோது, தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களை வைத்தே வரிசைப்படுத்தின. ஒரு சொல்லை ஒரு பக்கத்தில் நூறு முறை எழுதி ஏமாற்றுவது எளிதாக இருந்தது. அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வேறு ஒரு வழியை யோசித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிப்பது கல்வி உலக வழக்கம். அதையே இணையப் பக்கங்களுக்கும் பொருத்தினார்கள். ஒரு பக்கத்துக்கு வேறொரு பக்கத்திலிருந்து இணைப்பு வந்தால், அது ஒரு ஓட்டு மாதிரி. மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு எடை அதிகம். 'பேஜ்ரேங்க்' என்று பெயர் பெற்ற இந்த முறையோடுதான் 1998-இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது.

ஊரில் நல்ல தையற்காரர் யார் என்று நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? நாலு பேரிடம் கேட்கிறோம். மூன்று பேர் ஒரே ஆளைக் கைகாட்டினால் அங்கே போகிறோம். அதே கணக்குதான் இது.

அரசுத் தளங்களுக்கு இந்த ஓட்டுகள் நிறையவே உண்டு. செய்தித்தாள்களும் கல்லூரிகளும் வங்கிகளும் அவற்றுக்கு இணைப்புக் கொடுக்கின்றன. ஆனால், அந்த ஓட்டுகளில் பல முகப்புப் பக்கத்துக்குத்தான் விழுகின்றன. உங்களுக்கு வேண்டிய உள்பக்கத்துக்கு விழுவதில்லை. இன்னொன்றும் நடக்கும். தளத்தின் முகவரி மாறும். வருமான வரித் துறையின் மின்னணுத் தாக்கல் தளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி புதிய முகவரிக்கு மாறியதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். இப்படி மாறும்போது பழைய முகவரிக்கு வந்த இணைப்புகளைப் புதியதற்குச் சரியாகத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த ஓட்டுகள் வீணாகும்.

காரணம் 3: திறந்திருக்கும் கதவு

இது பலருக்கும் தெரியாத காரணம். உங்கள் நிலத்தின் பட்டா விவரம் அரசுத் தளத்தில் எங்கே இருக்கிறது? மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் எல்லாம் கொடுத்த பிறகு திறக்கும் பக்கத்தில் இருக்கிறது. சில சேவைகளுக்கு ஓடிபி வேண்டும். சிலவற்றுக்குக் கணக்குத் தொடங்கி உள்ளே போக வேண்டும்.

இணையத்தைச் சுற்றிப் படிக்கும் நிரல் இந்தப் படிவங்களையெல்லாம் நிரப்பாது. ஓடிபி கேட்டால் திரும்பிப் போய்விடும். அதாவது, அரசுத் தளத்தின் உண்மையான செல்வம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தெரிவது ஒரு படிவமும் நான்கு வரிகளும்தான். பூட்டு இருப்பது நல்லதுதான், உங்கள் விவரத்தைக் காப்பதற்கு அது வேண்டும். ஆனால், தேடுபொறிக்குப் படிக்க அங்கே ஒன்றும் இல்லை.

தனியார் தளத்தில் பட்டா விவரம் எதுவுமே இருக்காது. 'பட்டா பார்ப்பது எப்படி' என்ற விளக்கம் மட்டும் படங்களோடு ஆயிரம் சொல்லுக்கு இருக்கும். தேடுபொறிக்குப் படிக்கக் கிடைப்பது அதுதான். விளக்கம் முன்னால் வருகிறது, சேவை பின்னால் நிற்கிறது.

காரணம் 4: போனில் சட்டென்று திறப்பது

இன்று நம்மில் பெரும்பாலோர் இணையத்தைப் பார்ப்பது போனில்தான். 2015 ஏப்ரல் 21 முதல், போனில் படிக்க வசதியாக இருக்கும் பக்கங்களுக்கு, போனில் செய்யும் தேடலில் கூகுள் முன்னுரிமை கொடுத்து வருகிறது. எழுத்து சின்னதாக இருந்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தால், அந்தப் பக்கம் பின்னுக்குப் போகும். பக்கம் திறக்க எடுக்கும் நேரமும் கணக்கில் வருகிறது.

தேடுபொறியை விடுங்கள். நாமே என்ன செய்கிறோம்? பஸ்ஸில் போகும்போது சிக்னல் பாதிதான் கிடைக்கிறது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை நொடி காத்திருப்போம்? பின்னால் வந்து அடுத்த முடிவைத் தொட்டுவிடுவோம். அரசாணையை ஸ்கேன் செய்து பெரிய கோப்பாகப் போட்டிருக்கும் பக்கத்தையும், அதே விஷயத்தை ஐந்து வரியில் எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மக்கள் எங்கே போவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

காரணம் 5: இடத்துக்குக் காசு கொடுப்பது

மேலே சொன்ன நான்கும் உழைத்துப் பெறும் இடம். ஐந்தாவது, விலை கொடுத்து வாங்கும் இடம்.

கூகுள் தன் தேடல் விளம்பரத் திட்டத்தை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. இது ஏல முறையில் நடக்கிறது. "பாஸ்போர்ட் விண்ணப்பம்" என்று யாராவது தேடினால் என் தளத்தைக் காட்டு, ஒருவர் தொட்டால் இவ்வளவு தருகிறேன் என்று விளம்பரதாரர்கள் விலை சொல்வார்கள். நீங்கள் தேடும் அந்த நொடியிலேயே ஏலம் முடிந்து, தேர்வானவரின் முகவரி மேலே வந்துவிடும். விலை மட்டும் இல்லாமல், விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதும் பார்க்கப்படும். அப்படி வரும் முடிவுகளுக்கு மேலே 'விளம்பரம்' அல்லது 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அவசரத்தில் அதை நாம் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். இலவசச் சேவைக்கு ஒருவர் ஏன் காசு கொடுத்து விளம்பரம் செய்கிறார்? போட்ட காசை எங்கேயாவது எடுக்க வேண்டும் இல்லையா? ஒன்று, உங்களிடம் 'சேவைக் கட்டணம்' வாங்குவார். இல்லையென்றால், உங்கள் எண்ணையும் விவரங்களையும் வேறு யாருக்காவது கொடுத்துச் சம்பாதிப்பார். சித்தப்பா விஷயத்தில் இரண்டுமே நடந்துவிட்டது. அரசு ஆவணங்கள், அரசுச் சேவைகள் தொடர்பான விளம்பரங்களுக்குக் கூகுளே தன் கொள்கையில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஆனாலும், கடைசிக் காவல் நம் கண்தான்.

கூட்டம் இருந்தால் நம்பலாமா?

பஸ் ஸ்டாண்ட் வாசலில் இருக்கும் டீக்கடையில் எப்போதும் கூட்டம். டீ அபாரமாக இருப்பதாலா? இடம் அப்படி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது அந்தக் கடைதான். உள்ளே இரண்டாவது தெருவில் அருமையான டீ கிடைக்கலாம். அங்கே போக வழி தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைக்காரர் மோசமானவர் என்றும் சொல்லிவிட முடியாது. தனியார் தளங்களிலும் மூன்று வகை உண்டு.

முதல் வகை, விளக்கம் மட்டும் தருபவை. எப்படி விண்ணப்பிப்பது என்று நன்றாகச் சொல்லிவிட்டு, அரசுத் தளத்துக்கே இணைப்புக் கொடுத்துவிடும். பல பேருக்கு இவை உண்மையிலேயே உதவுகின்றன. படித்துப் பயன்பெறலாம்.

இரண்டாவது வகை, உங்களுக்காகச் செய்து தருகிறோம், இவ்வளவு கட்டணம் என்று வெளிப்படையாகச் சொல்பவை. தாங்கள் அரசு இல்லை என்பதையும் சொல்லிவிடுவார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மூன்றாவது வகை, அரசுத் தளம் மாதிரியே வேஷம் போடுபவை. கோபுரம், அசோகத் தூண், மூவர்ணம் எல்லாம் இருக்கும். 'நாங்கள் அரசு அல்ல' என்ற வரி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். பாஸ்போர்ட் விஷயத்தில் இப்படிப் போலித் தளங்கள் பெருகியதால், வெளியுறவு அமைச்சகம் தன் பாஸ்போர்ட் தளத்திலேயே அவற்றின் பெயர்களைப் போட்டு மக்களை எச்சரித்திருக்கிறது.

மூன்று வகையும் தேடல் முடிவில் ஒரே மாதிரிதான் தெரியும். கூட்டம், அழகு, முதல் இடம் எதுவுமே இவற்றைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவது முகவரி ஒன்றுதான்.

முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள்

கடிதத்தில் முகவரி எழுதும்போது பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று போகிறோம். தபால்காரர் முதலில் பார்ப்பது ஊரை. இணைய முகவரியிலும் ஊர் கடைசியில்தான் இருக்கிறது.

முகவரியில் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் முடியும் எழுத்துகளைப் பாருங்கள். அங்கே 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிந்தால், அது இந்திய அரசு அல்லது மாநில அரசு அமைப்பின் முகவரி. இந்த முடிவை அரசு அமைப்புகள் தவிர வேறு யாரும் பணம் கொடுத்து வாங்க முடியாது. தேசியத் தகவலியல் மையம் சரிபார்த்த பிறகே அது வழங்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் பல தளங்கள் 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடியும்.

ஏமாற்றுகிறவர்கள் இந்த எழுத்துகளை முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். எடுத்துக்காட்டாக, நாமே ஒன்றைக் கற்பனை செய்வோம்: 'பட்டா-டிஎன்-ஜிஓவி டாட் காம்'. ஜிஓவி இருக்கிறது, டிஎன் இருக்கிறது. ஆனால், முடிவது 'டாட் காம்'. அதை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு இருப்பதையும் கவனியுங்கள்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. உண்மையான பொதுச் சேவைத் தளங்கள் எல்லாமே அப்படி முடிவதில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி தளம் 'டாட் கோ டாட் இன்' என்று முடிகிறது. இப்படிப்பட்ட தளங்களுக்குத் தேடுபொறி வழியாகப் போகாமல், துறையின் அரசு முகவரியில் கொடுத்திருக்கும் இணைப்பைத் தொட்டுப் போவது பாதுகாப்பு. வீட்டுக்கு வந்த ரசீதில் அச்சாகியிருக்கும் முகவரியைத் தட்டியும் போகலாம்.

பூட்டுப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தால் நம்பகமான தளம் என்று பல பேர் நினைத்தார்கள். உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் தகவலை மூன்றாவது ஆள் படிக்க முடியாது என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். அந்தத் தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்று பூட்டுக்குத் தெரியாது. இந்தக் குழப்பம் காரணமாகவே 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

பழக்கமாக்கிக்கொள்ள ஆறு விஷயங்கள்

1. ஒரு சேவைக்கு ஒரு முறை மட்டும் தேடுங்கள். சரியான தளத்தைக் கண்டுபிடித்ததும் சேமித்துவிடுங்கள். குரோமில் மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால், முகப்புத் திரையில் சேர்க்கும் வசதி இருக்கிறது. அடுத்த முறை தேடல் வேண்டாம், ஏலமும் வேண்டாம்.

2. 'விளம்பரம்', 'ஸ்பான்சர்டு' என்ற சொல் இருக்கும் முடிவுகளைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

3. சில தேடல்களுக்கு இப்போது ஏஐ சுருக்கம் மேலே வருகிறது. மற்ற தளங்களிலிருந்து தொகுத்த விடைதான் அது. கட்டணம், கடைசித் தேதி, தேவையான ஆவணம் இந்த மூன்றையும் அரசுத் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

4. பணம் கேட்டால் நில்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. ஆதார் வைத்து வருமான வரித் தளத்தில் உடனடி இ-பான் பெறக் கட்டணம் இல்லை. பட்டா விவரம் பார்க்கக் கட்டணம் இல்லை. கட்டணம் உள்ள சேவை என்றால், அந்தத் தொகை அரசுத் தளத்தில் போட்டிருக்கும். அதோடு ஒப்பிடுங்கள்.

5. ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' நகல் போதுமா என்று கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதைப் பதிவிறக்கலாம்.

6. போனில் செய்வது குழப்பமாக இருந்தால் தயங்காமல் அருகில் உள்ள இ-சேவை மையத்துக்குப் போங்கள். கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு இருக்கிறது.

அரசுத் தளங்கள் முன்னுக்கு வர முடியாதா?

முடியும். பிரிட்டனில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் துறைக்கு ஒரு தளம், தளத்துக்கு ஒரு மொழி என்று சிதறிக் கிடந்தது. 2012 அக்டோபரில் அவற்றுக்குப் பதிலாக 'கவ் டாட் யுகே' என்ற ஒரே தளம் வரத் தொடங்கியது. அவர்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. துறை எதைச் சொல்ல நினைக்கிறது என்று தொடங்கக் கூடாது, மக்கள் என்ன கேட்டு வருகிறார்கள் என்று தொடங்க வேண்டும். மக்கள் தேடும் சொல்லிலேயே தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், அலங்காரம் இல்லாத பக்கம். 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருது, பளபளப்பே இல்லாத அந்தத் தளத்துக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகும் அங்கே போலித் தளங்கள் ஒழிந்துவிடவில்லை. இலவசமாகக் கிடைத்த ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பணம் வாங்கிய தளங்கள் இருந்தன. அரசு நன்றாக எழுதினால் மட்டும் போதாது, மக்களும் முகவரியைப் படிக்கப் பழக வேண்டும் என்பதுதான் அதில் நமக்கு இருக்கும் பாடம்.

நம் பங்கும் இதில் உண்டு. ஒரு சேவையைத் தேடி அரசுத் தளம் கிடைக்காமல் அலைந்தீர்களா? எந்தச் சொல்லைத் தட்டித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து, அந்தத் தளத்தின் 'கருத்து தெரிவிக்க' பகுதியில் எழுதுங்கள். 'தளம் சரியில்லை' என்று சொல்வதைவிட, 'இசி என்று தேடினேன், உங்கள் பக்கம் வரவில்லை' என்று எழுதினால், சரிசெய்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று புரியும். உங்கள் ஊர்ப் பள்ளி, சங்கம், நூலகம் ஏதாவது இணையப் பக்கம் வைத்திருந்தால், அரசுத் தளத்தின் உரிய உள்பக்கத்துக்கு அதில் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு ஓட்டுதான்.

செய்து பாருங்கள்

படித்ததோடு விட வேண்டாம். ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள்.

• 'பட்டா சிட்டா பார்க்க' என்று தமிழில் தட்டுங்கள். முதலில் வரும் ஐந்து முடிவுகளின் முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகின்றன?

• அதையே ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வரிசை மாறுகிறதா என்று பாருங்கள். சொல் மாறினால் முதலிடம் மாறுவதை நீங்களே காணலாம்.

• பட்டியலில் இருக்கும் ஒரு தனியார் தளத்தைத் திறந்து அடிவரை போங்கள். 'எங்களைப் பற்றி', 'பொறுப்புத் துறப்பு' என்ற பகுதியைப் படியுங்கள். மேலே சொன்ன மூன்று வகையில் அது எந்த வகை?

• கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரின் போனை வாங்கி, அவருக்கு அடிக்கடி தேவைப்படும் இரண்டு அரசுத் தளங்களை முகப்புத் திரையில் சேர்த்துக் கொடுங்கள்.

இந்தக் கடைசி வேலையைச் சித்தப்பா போனில் நான் செய்து கொடுத்தேன். பதிவுத்துறைத் தளத்தைத் திறந்து, அந்த மனையின் விவரத்தைப் போட்டு, அவரையே பார்க்கச் சொன்னேன். மெயிலில் வந்த அதே பட்டியல் திரையில் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா 650 ரூபாய் கட்டினேன்?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி விடு. நம்ம தெருவுல இன்னும் நாலு பேர் மனை பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவங்க போனையும் வாங்கிட்டு வர்றேன், இதே மாதிரி போட்டுக் கொடு."